வாசிப்புக் குழுவோடு சிலப்பதிகாரம்: புதியவர் எப்படித் தயாராவது?

வேளச்சேரி வாசகி:

வணக்கம். எங்கள் அடுக்ககத்தில் மாதம் ஒரு முறை ஞாயிற்றுக்கிழமை மாலையில் கூடும் வாசிப்புக் குழுவில் அண்மையில் சேர்ந்திருக்கிறேன். இதுவரை நாவல்களையும் சிறுகதைகளையும் பேசிவந்த குழு, இனிச் செவ்விலக்கியம் படிப்பது என்று முடிவெடுத்துச் சிலப்பதிகாரத்தைத் தேர்ந்திருக்கிறது. மாதம் ஒரு காதை, அதாவது நூலின் ஓர் அத்தியாயம், என்பது திட்டம். முதல் இரண்டு காதைகள் நான் சேர்வதற்கு முன்பே முடிந்துவிட்டன. நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் படித்தவள்; நவீன இலக்கியம் விரும்பி வாசிப்பேன். பழைய செய்யுளோடு எனக்குள்ள உறவு தேர்வுக்காக மனப்பாடம் செய்ததோடு நின்றுவிட்டது. குழுவில் இருவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள். அவர்கள் பேசத் தொடங்கினால் மற்றவர்கள் குறிப்பெடுக்கும் மாணவர்களாகிவிடுகிறோம்.

எந்தப் பதிப்பை வாங்குவது? உரையைப் படித்துவிட்டு மூலத்துக்கு வருவதா, மூலத்தோடு முட்டி மோதிவிட்டு உரைக்குப் போவதா? கதை ஏற்கெனவே தெரியும் என்பது உதவியா, இடையூறா?

மாம்பலம் தமிழாசிரியர்:

அம்மா, நானும் ஓய்வுபெற்ற தமிழாசிரியன்தான். ஆகவே உங்கள் குழுவின் இருவர் மீது எனக்குச் சற்றுப் பரிவு உண்டு. கேள்விகளுக்கு வருகிறேன்.

உ. வே. சாமிநாதையர் 1892-இல் வெளியிட்ட பதிப்பு, அரும்பதவுரையையும் அடியார்க்கு நல்லார் உரையையும் சேர்த்துத் தந்த பெரும் பணி. ஆனால் அந்தப் பழைய உரைகளின் நடையே இன்று தனியாகப் பயில வேண்டிய ஒன்று என்பதால், தொடக்கத்தில் அதைக் கையில் எடுக்க வேண்டாம். ஐயம் எழும்போது பார்த்துக்கொள்ளலாம். உங்களுக்கு வேண்டியது இரண்டு: சந்தி பிரித்து அச்சிட்ட மூலம் ஒன்று, ந. மு. வேங்கடசாமி நாட்டார் உரை போன்ற விரிவான உரை ஒன்று. பழைய நூல்களில் நம்மைத் தடுப்பவற்றில் பாதி, அருஞ்சொற்கள் அல்ல, சொற்கள் ஒன்றோடொன்று புணர்ந்து கிடக்கும் கிடப்பு என்பது என் எண்ணம். மர்ரே எஸ். ராஜம் சந்தி பிரித்து மலிவு விலையில் பழைய நூல்களை வெளியிட்டபோது, புலவர் அல்லாதவர்களும் அவற்றைத் துணிந்து தொட்டார்கள். வாங்கும் முன் பார்க்க விரும்பினால், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் மூலமும் உரையும் இலவசமாகக் கிடைக்கின்றன. கன்னிமாரா நூலகத்திலும் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் அச்சு நூல்களைப் புரட்டி ஒப்பிடலாம்.

மூலம் முதலில், உரை பிறகு. இதில் எனக்கு ஐயமே இல்லை. அதுவும் வாய்விட்டுப் படிக்க வேண்டும். இந்நூலின் பெரும்பகுதி நீண்டு ஓடும் ஆசிரியப்பாவில் அமைந்தது. எழுவாய் ஓரிடத்திலும் அதற்குரிய வினைமுற்று பல அடிகள் தள்ளியும் நிற்கும். கண்ணால் படிப்பவர் நடுவில் வழி தவறுவார். வாயால் படிப்பவருக்கு எங்கே மூச்சு விடலாம், எங்கே கூடாது என்பது இரண்டாம் வாசிப்பிலேயே பிடிபட்டுவிடும். அதன் பிறகு உரையைத் திறந்தால், உங்களுக்குப் பிறந்த கேள்விக்கு அதில் விடை தேடுவீர்கள். உரையை முன்னால் படித்தவருக்குக் கேள்வியே பிறப்பதில்லை.

கதை தெரிந்திருப்பது பற்றி: நமக்குத் தெரிந்த கண்ணகி பெரும்பாலும் மெரினா சிலையின் கண்ணகி, கையில் சிலம்போடு நீதி கேட்பவள். நூலுக்குள் அவள் வேறு விதமாகவும் இருக்கிறாள். கொலைக்களக் காதையில், மதுரையில் அடைக்கலம் தந்த ஆயர்குலப் பெண் மாதரியின் இடத்தில் கோவலனுக்குச் சமைத்து, வாழைக் குருத்தை விரித்துப் பரிமாறுகிறாள். உண்டு முடித்தபின் அவன் தன் பழைய நடத்தையை நினைத்து நொந்து, ‘எழுகென எழுந்தாய் என்செய்தனை’ என்கிறான். நான் அழைத்ததும் எதுவும் கேளாமல் புறப்பட்டாயே என்பது பொருள். அவள் தரும் விடையில் ‘போற்றா ஒழுக்கம் புரிந்தீர்’ என்றொரு தொடர் வருகிறது. பெரியோர் போற்றாத நடத்தையை மேற்கொண்டீர் என்று நேருக்கு நேர் சொல்லிவிட்டு, மாற்ற முடியாத உள்ளத்தோடு வாழ்பவள் என்பதால் எழுந்து வந்தேன் என்கிறாள். இது குற்றச்சாட்டா, பணிவா, இரண்டும் கலந்ததா? கதைச் சுருக்கம் எதிலும் இந்த வரி இராது. ஒரு மாலை முழுவதும் பேசினாலும் தீராது. அந்த உரையாடல் முடிந்ததும்தான் அவன் சிலம்பை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போகிறான். அவன் திரும்பி வரப்போவதில்லை என்று அறிந்தே நாம் படிக்கிறோம். ஆகவே முடிவு தெரிந்திருப்பது இங்கே உதவிதான்.

அண்ணா நகர் ஒருங்கிணைப்பாளர்:

ஐயா சொன்ன பலவற்றோடு உடன்படுகிறேன். நூல் தேர்வில் மட்டும் எனக்கு மாறுபட்ட கருத்து உண்டு. முப்பது காதைகளை மாதம் ஒன்றாகப் படித்தால் முடிக்க இரண்டரை ஆண்டு ஆகும். இடையில் சேர்பவர்களும் விலகுபவர்களும் இருக்கும் குழுவுக்கு அது நீண்ட காலம். காதைகளின் அளவும் ஒன்றுபோல் இல்லை: மனையறம் படுத்த காதை நூறு அடிக்குள் அடங்கிவிடும், இந்திரவிழவூரெடுத்த காதையோ இருநூறு அடிகளைத் தாண்டும். நான் நடத்தும் குழுவில் குறுந்தொகையிலிருந்து தொடங்கினோம். பாடல்கள் பெரும்பாலும் நான்கு முதல் எட்டு அடி. ஒரு மாலையில் இரண்டு பாடல்களை நிதானமாகப் பேசி முடித்துவிடலாம். ஒரு மாதம் வராதவருக்கும் எதுவும் விட்டுப்போகாது.

உங்கள் குழு முடிவெடுத்துவிட்டதால் அதை மாற்றச் சொல்லவில்லை. ஒவ்வொரு கூட்டத்தின் தொடக்கத்திலும் ஒரு குறுந்தொகைப் பாடலைப் படியுங்கள் என்று மட்டும் முன்மொழியுங்கள். சிலப்பதிகாரத்தின் ஏழாவது பகுதியான கானல் வரிக்கு வரும்போது அதன் பயன் தெரியும். கோவலனும் மாதவியும் யாழ் எடுத்துப் பாடும் அந்தப் பாடல்கள், கடற்கரையும் பிரிவும் இரங்கலும் சேர்ந்த நெய்தல் மரபில் நிற்பவை. கற்பனைத் தலைவனும் தலைவியும் பேசுவதாகப் பாடப்படும் பாட்டை உண்மை என்று எடுத்துக்கொண்டு ஒருவர் மனம் கசப்பதால்தான் கதையே திரும்புகிறது. பாடலைப் பேசுபவர் யார் என்று காட்டும் ‘தலைவி கூற்று’, ‘தோழி கூற்று’ என்பவற்றோடு முன்பே பழகியவருக்கு அந்தப் பிழையின் கனம் உடனே விளங்கும்.

ஆசிரியர்கள் பேச்சு நீள்வது எல்லாக் குழுவிலும் உள்ளதுதான். எங்கள் ஏற்பாடு எளிது: அன்றைய பகுதியை ஆளுக்கு இருபது அடியாகப் பிரித்து எல்லோரும் வாய்விட்டுப் படிப்போம், படித்தவரே தமக்குப் பட்டதை முதலில் சொல்ல வேண்டும், புலமை உள்ளவர்கள் கடைசியில் பேசுவார்கள். அவர்கள் இதைக் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. சொல்லப்போனால், புதியவர் ஒருவர் தப்பும் தவறுமாகச் சொல்லும் பொருளைத் திருத்துவதில் அவர்களுக்கு ஒரு தனி மகிழ்ச்சியே இருக்கிறது.

வேளச்சேரி வாசகி:

இருவருக்கும் நன்றி. குறுந்தொகை யோசனையைக் குழுவில் சொல்கிறேன். இன்னும் ஒரு ஐயம். அடுத்த கூட்டம், மாதவியின் நடன அரங்கேற்றத்தைச் சொல்லும் அரங்கேற்று காதை. புரட்டிப் பார்த்தேன், ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமை, குழல், யாழ் என்று இலக்கணமாகவே போகிறது. கதையோ மிகக் கொஞ்சம். இதைத் தாண்டிவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள்.

மாம்பலம் தமிழாசிரியர்:

தாண்ட வேண்டாம், அம்மா. ஆனால் அனைத்தையும் புரிந்துகொண்டே தீர வேண்டும் என்ற பிடிவாதமும் வேண்டாம். இசை பற்றிய பகுதியை ஒரு முறை ஓசைக்காகப் படித்துவிட்டு நகருங்கள். அதில் அறிஞர்களே இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். அரங்கின் அமைப்பைச் சொல்லும் அடிகளில் மட்டும் நின்று படியுங்கள். மலையில் வளர்ந்த மூங்கிலில் அளவுகோல் வெட்டுகிறார்கள். ஒரு கோல் 24 விரல். அரங்கு 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம், மேலே உள்ள உத்தரப் பலகைக்கும் (மேல் விட்டப் பலகை) அரங்கின் தளப் பலகைக்கும் இடையே 4 கோல், வாயில் இரண்டு. பெருவிரலின் அகலத்தை ஓர் அங்குலம் என்று கொண்டால் ஏறத்தாழ 14 அடிக்கு 16 அடி. உங்கள் அடுக்ககத்தின் பொதுக்கூடத் தரையில் சாக்பீஸால் இந்த அளவுக்கு வரைந்துவிட்டு, ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்ற மூன்று திரைகளும் எங்கெங்கே தொங்கியிருக்கும் என்று ஒவ்வொருவரையும் சொல்லச் சொல்லுங்கள். அதன் பிறகு உரையைத் திறந்து சரிபார்க்கலாம்.