குழுக்கடன் தவணை தவறினால் ராத்திரியில் வீட்டுக்கு வரலாமா? ரிசர்வ் வங்கி விதி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

ஆத்தங்குடிக்காரன்:
அம்மா இங்கே டைல்ஸ் பட்டறையில் வேலை பார்க்கிறார். ஐந்து பேர் குழுவாகச் சேர்ந்து ஒரு மைக்ரோ ஃபைனான்ஸ் கம்பெனியில் ஆளுக்கு 40,000 கடன் வாங்கினார்கள், மாதம் 2,200 வீதம் 24 தவணை. ஐப்பசி மழையில் ஊற்றிய கல் காயாது, பட்டறை பாதி நாள் மூடிக் கிடந்தது, இரண்டு தவணை விட்டுப்போச்சு. கையில் பணமில்லாமல் எப்படிப் போய் நிற்பது என்று அம்மா அந்த இரண்டு செண்டர் மீட்டிங்குக்கும் (குழுக்கள் ஒரே இடத்தில் கூடித் தவணை கட்டுகிற கூட்டம்) போகவில்லை. போன வியாழன் ராத்திரி எட்டரைக்கு கலெக்ஷன் ஆள் மற்ற நாலு பெண்களையும் கூட்டிக்கொண்டு வந்து, பணம் வந்தால்தான் எழுந்திருப்பேன் என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். சாப்பிட்டுக்கொண்டிருந்த அம்மா தட்டை அப்படியே வைத்துவிட்டு அடுப்படிக்குள் போனவர் வெளியே வரவே இல்லை. சரி, மொத்தத்தையும் அடைத்துவிடலாம் என்று கேட்டால், முன்கூட்டி முடிக்க மூன்று மாத வட்டி தனியாகக் கட்ட வேண்டுமாம். இது முறைதானா? யாரிடம் சொல்வது?

தேவகோட்டை முன்னாள் ஃபீல்டு ஆபிசர்:
தம்பி, நான் ஆறு வருஷம் இந்த வேலை பார்த்தவன், தெரிந்ததைச் சொல்கிறேன். 2022 ஏப்ரல் 1 முதல் பேங்க், நிதி நிறுவனம் எல்லாவற்றுக்கும் ரிசர்வ் வங்கி ஒரே விதி வைத்திருக்கிறது. ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் உள்ள குடும்பத்துக்கு ஈடு இல்லாமல் கொடுத்தால் அது மைக்ரோ ஃபைனான்ஸ் கடன். அதை எப்போது முடித்தாலும் அபராதம் வாங்கக் கூடாது, அதனால் அந்த மூன்று மாத வட்டிப் பேச்சு செல்லாது. தாமதக் கட்டணமும் விட்டுப்போன தவணைக்கு மட்டும்தான், மொத்தக் கடனுக்கும் போட முடியாது.

வீட்டுக்கு வந்த விஷயத்தில் மட்டும் கவனம். குறித்த இடத்துக்குத் தொடர்ந்து இரண்டு முறை வராதவர் வீட்டுக்குப் போகலாம் என்று விதியே இடம் கொடுக்கிறது, அம்மா வராமல் இருந்தது அவர்களுக்கு வசதியாகப் போய்விட்டது. இனிமேல் கையில் காசு இல்லாவிட்டாலும் மீட்டிங்குக்குப் போய் உட்காரச் சொல்லுங்கள். ஆனால் காலை 9 மணிக்கு முன்னாலும் மாலை 6-க்குப் பிறகும் போன் போடக்கூட அனுமதி இல்லை, ராத்திரி எட்டரைக்குத் திண்ணையில் உட்கார்வதை எந்த மேனேஜரும் நியாயப்படுத்த முடியாது.

இன்னொன்று. வீட்டில் உள்ள எல்லாக் கடனின் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. பைக் டியூ, நகைக்கடன் எல்லாம் அதில் அடக்கம். நாங்கள் கடன் ஃபாரத்தில் உள்ள வருமானக் கட்டத்தை டார்கெட்டுக்கு ஏற்றபடி நிரப்பிக்கொண்டுதான் இருந்தோம், நான் வேலையை விட்டதற்கு அதுவும் ஒரு காரணம். அம்மா ஃபாரத்தில் என்ன வருமானம் போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

செக்காலை அக்கா:
நான் எட்டு வருஷமாக செண்டர் லீடர். அந்த நாலு பெண்கள் மேல் கோபப்படாதீங்க தம்பி, ஒருத்தி கட்டலைன்னா மீதிப் பேர் பங்கு போட்டுக் கட்டணும், அடுத்த லோன் நின்னுடும்னு பயம் காட்டித்தான் கூட்டிட்டு வருவாங்க. எங்க செண்டரில் ஒரு பெண்ணுக்கு இப்படி நடந்தப்போ, நாங்க யாரும் உடன் வர மாட்டோம்னு எல்லாரும் ஒண்ணாச் சொன்னோம், அதோடு ராத்திரி வசூல் நின்னுபோச்சு.

பள்ளத்தூர் பெரியவர்:
எங்கள் ஐயா ரங்கூனில் லேவாதேவிக் கடையில் மேலாளாக இருந்தவர். அந்தக் காலத்தில் நகரத்தார் கூடி நடப்பு வட்டி வைப்பார்கள், அந்த மாதம் என்ன வட்டி என்பது எல்லோருக்கும் தெரியும். இப்போது கடன் வாங்குகிற பெண்ணுக்கு வட்டி எவ்வளவு என்றே தெரிவதில்லை, அதுதான் எனக்கு ஆறவில்லை. உங்கள் கணக்கையே பாருங்கள்: 2,200 வீதம் 24 தவணை என்றால் 52,800, அதாவது 12,800 வட்டி. வருஷத்துக்கு 16 சதவீதம் என்று வாயால் சொல்லியிருப்பார்கள், ஆனால் அசல் மாதாமாதம் குறைகிறதே, அப்படிப் போட்டால் 28-க்கு மேல் வருகிறது. ஃபீஸ், இன்சூரன்ஸ் என்று 1,600 பிடித்துக் கையில் 38,400 கொடுத்திருந்தால் ஏறக்குறைய 33. இந்த முழுக் கணக்கையும் காட்டும் விவரத்தாளை அம்மாவுக்குப் புரிகிற மொழியில் கொடுத்தாக வேண்டும்.

மைக்ரோ ஃபைனான்ஸ் வசூல் தொல்லையால் வந்த 2010 ஆந்திர நெருக்கடிக்குப் பிறகு ரிசர்வ் வங்கியில் வட்டிக்கு வரம்பு வைத்தார்கள், 2022-ல் அதை எடுத்துவிட்டு நிறுவனமே நிர்ணயிக்கட்டும், கொள்ளை வட்டி மட்டும் கூடாது என்றார்கள். 2024 அக்டோபரில் வட்டி மிதமிஞ்சிப் போனதென்று நாலு நிறுவனங்களைப் புதுக்கடன் கொடுக்காமல் நிறுத்தியும் வைத்தார்கள். எனக்கு அது போதாது, எண்ணில் ஒரு வரம்பு வேண்டும்.

தேவகோட்டை முன்னாள் ஃபீல்டு ஆபிசர்:
புகாரை முதலில் கம்பெனிக்கு எழுத்தில் கொடுத்து அத்தாட்சி வாங்குங்கள். லோன் கார்டில் குறைதீர்ப்பு அதிகாரி பெயரும் நம்பரும் இருக்க வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது பதில் திருப்தி இல்லையென்றால், ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மேனிடம் (புகாரை விசாரித்துத் தீர்க்கிற அதிகாரி) போகலாம், காசு கிடையாது. விவரம் கேட்க ரிசர்வ் வங்கி போன் நம்பர் 14448.

ஆத்தங்குடிக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. கார்டு அம்மாவின் டிரங்குப் பெட்டியில் சேலைக்கு அடியில் இருந்தது. முழுக்க இங்கிலீஷ், அதிகாரி நம்பர் இருக்க வேண்டிய கட்டம் காலி. மாத வருமானம் 24,000 என்று போட்டிருக்கிறது, எங்கள் வீட்டுக்கு அவ்வளவு பணம் ஒரு மாதமும் வந்ததில்லை. போட்டோ எடுத்து வைத்துவிட்டேன், நாளைக்கு அம்மாவோடு கிளைக்குப் போகிறேன். அக்கா, அந்த நாலு பேரிடமும் இன்று சாயங்காலம் அம்மாவே போய்ப் பேசுகிறேன் என்கிறார்.