கூத்தியேரா, கம்பியா?

மகளுக்கு அலைனர் (பல்லை வரிசைப்படுத்த மாட்டிக் கழற்றுகிற பிளாஸ்டிக் உறை) போடலாமா என்று கேட்டிருந்த அக்காவுக்கு.

நாங்கள் மொரீசியஸில், குவாத்ர் போர்னில் இருக்கிறோம். இங்கே பல் டாக்டர்கள் அதை பிரெஞ்சில் கூத்தியேர் என்பார்கள். "கூத்தியேருக்கு முன்பணம் கட்டிட்டேன் அத்தை" என்று என் வீட்டுக்காரர் போனில் சொல்ல, திருச்சியில் என் அம்மாவுக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மகனுக்கு 14 வயது. மேல்வரிசையில் லேசான நெருக்கம், ஒரு தெத்துப்பல். கம்பியும் போடலாம், அலைனரும் போடலாம், ஆனால் அலைனர் என்றால் நாளுக்கு 20 முதல் 22 மணி நேரம் வாயில் இருக்க வேண்டும் என்றார் டாக்டர். தலையாட்டிவிட்டு வந்தோம். அன்றைக்கே உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்க வேண்டும். சாப்பிடும்போதெல்லாம் கழற்ற வேண்டும், பல் தேய்த்த பிறகுதான் மாட்ட வேண்டும். காலை, இன்டர்வெல், மதியம், இரவு. நடுவில் பள்ளி விட்டதும் பஸ் ஸ்டாண்டில் கூட்டாளிகளோடு காத்தோ பிமா, அதாங்க, நம்ம பருப்பு வடை. வேளைக்கு அரை மணி என்றாலே ரெண்டரை மணி நேரம் போச்சு. அவன் அரை மணியில் மாட்டுகிற ஆளும் இல்லை.

அவனுக்குக் கொடுத்த அலைனரில் கடைவாய்ப் பக்கம் சின்ன நீலப் புள்ளி உண்டு. வாயில் இருக்க இருக்க அது வெளிறும். ரெண்டு வாரம் முடிந்து அடுத்த செட்டுக்கு மாறும் நாளில் ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தேன். டப்பாவிலிருந்து எடுத்தபோது இருந்த அதே நீலம். மூன்றாவது செட், தால் பூரி சுற்றின காகிதத்தோடு குப்பைக்குப் போனது. ஐந்தாம் மாதம் நாங்களே கேட்டுக் கம்பிக்கு மாறினோம். கட்டின பணம் போனது போனதுதான். மகளுக்கு முடிவு செய்யும் முன், போன டெர்மில் எத்தனை தண்ணி பாட்டில் தொலைத்தாள் என்று எண்ணிப் பாருங்கள்.

ரோஸ் ஹில்லிலிருந்து:

அக்கா, நீலப் புள்ளியையும் நம்பாதீர்கள். என் மகள் அதைத் தண்ணி டம்ளரில் ஊறப் போட்டே வெளிற வைத்துவிட்டாள். டாக்டர் கண்ணில்தான் பட்டது. முன்பல்லுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே சந்து தெரிந்ததாம்.

போர்ட் லூயிஸிலிருந்து:

எங்கள் பெரியவனுக்கு அலைனர் நன்றாகவே அமைந்தது. நாங்கள் அதைத் தேர்ந்தெடுத்ததே காவடியால்தான். தைப்பூசத்துக்கு கோர் த கார்த் மலைக் கோயிலில் கன்னத்தில் அலகு குத்திக்கொள்பவன். உள்ளே கம்பி இருந்தால் வேல் உரசுமே என்று எனக்குப் பயம். அலைனர் என்றால் அந்தச் சில மணி நேரம் கழற்றி டப்பாவில் வைத்துவிடலாம். விரதப் பழக்கம் உள்ள பையன், வேளை தவறிக் கொறிக்க மாட்டான், அதுவும் உதவியது. ஒரே சேதம் என் மாமியாரால்: சுத்தமாகட்டும் என்று கொதிக்கிற தண்ணீரில் போட்டார், கோணிக்கொண்டது.

சின்னவளுக்கு அந்தப் பேச்சே எழவில்லை. கோரைப்பல் ஒன்று ஈறுக்குள்ளேயே படுத்திருக்கிறது. ஈறைத் திறந்து, பல்லில் சின்னச் சங்கிலி ஒட்டி, கம்பியோடு கட்டி மெல்ல மெல்லக் கீழே இழுக்கிறார்கள். வெளியே தெரியக் கூடாதென்று நிறமில்லாத ரப்பர் வளையம்தான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கினாள். ஒரே ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் வாழையிலையில் ஏழு கறி. சாயங்காலம் கண்ணாடியில் பார்க்கிறாள், வரிசையாக மஞ்சள்.