மறுமொழி: கேரவன் கேஸ் ஓஸ் – வன்குழல், மென்குழல்

ஆசிரியர் ஐயாவுக்கும் குழு அன்பர்களுக்கும் வணக்கம். கேரவன் எனும் வீட்டு வண்டியின் கேஸ் ஓஸுக்கு (ரப்பர் குழாய்க்கு) நம் குழுவில் தமிழ்ப்பெயர் தேடுகிறோம். தோங்கிலிருந்து (கேஸ் சிலிண்டரிலிருந்து) கிளம்பும் குட்டை ஓஸை ஆங்கிலத்தில் ‘பிக்டெய்ல்’ என்பார்கள். அதைப் பற்றி ஐயா எழுதியிருந்தது:

> ‘பிக்டெய்ல்’ என்பதற்குப் ‘பன்றிவால் குழாய்’ என்றே வைத்துவிடலாம். உருவத்தைக் காட்டுகிறது, போதும்.

ஐயா, உருவம் மட்டும் போதாது. நான் சுங்கை சிப்புட்டில் கேஸ் அடுப்பு பழுது பார்ப்பவன். போன மாதம், தோட்டத்தை ஒட்டிய ஒரு தங்குமிடத்தில் நிறுத்தியிருந்த பழைய அமெரிக்கக் கேரவனைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். தோங்கிலிருந்து கிளம்பும் குட்டை ஓஸ் வெடிப்பு விட்டிருந்ததாம். அங்கே வேலை செய்யும் தம்பி, வீட்டு அடுப்புக்குப் போடும் ஆரஞ்சு நிற ரப்பர் ஓஸை அளவாக வெட்டி, இரண்டு முனையிலும் கிளிப் போட்டு இறுக்கி வைத்திருந்தார். நல்ல வேளை, தோங்கை இன்னும் திறக்கவில்லை.

அவரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. நம் வீடுகளில் கெப்பாலா, அதாவது வாயுவின் அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர், தோங்கின் மேலேயே உட்கார்ந்துவிடுகிறது. அதைத் தாண்டி வரும் ஓஸில் ஓடுவது அடங்கிய வாயு. கேரவனில் அப்படி இல்லை. கெப்பாலாவை வண்டியோடு சேர்த்து முடுக்கியிருப்பார்கள். தோங்கிலிருந்து அதுவரை போகும் அந்த ஒரு முழ ஓஸ்தான் தோங்கின் முழு அழுத்தத்தையும் தாங்குகிறது. 30 டிகிரி வெப்பத்தில் புரொப்பேன் தோங்குக்குள் இருப்பது காற்றழுத்தத்தைப்போல ஏறத்தாழ 10 மடங்கு. கெப்பாலாவைக் கடந்தபின் 11 அங்குல உயரத் தண்ணீர் தரும் அழுத்தம்தான், அதாவது காற்றழுத்தத்தில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. இப்படி இரண்டு ஓஸ் இருக்க, நம்மிடம் இருப்பது ஒரே சொல். தம்பி தடுமாறியது அங்கேதான்.

அதனால் என் பரிந்துரை: கெப்பாலாவுக்கு முன்னால் இருப்பது வன்குழல், பின்னால் இருப்பது மென்குழல்.

> வன்பொருள், மென்பொருள் பழகியவர்கள் ‘வளையாத குழாய்’ என்று நினைக்க மாட்டார்களா அண்ணே?

ஜொகூர்த் தங்கை கேட்டது நியாயம். ஆனால் வல்லினம் என்ற பெயரை நினைத்துப் பாரும்மா. க, ச, ட, த, ப, ற எல்லாம் தொட்டால் கெட்டியாக இருப்பவையா? நெஞ்சிலிருந்து உந்தி வரும் மூச்சால் அந்தப் பெயர். தமிழ்ப்பள்ளியில் படித்த எல்லாருக்கும் அது மனத்தில் பதிந்திருக்கிறது. இங்கேயும் உந்துதலைத்தான் சொல்கிறோம். அந்தத் தம்பியிடம் இந்த இரண்டு சொல்லையும் சொல்லி, எது எங்கே என்று விரலால் காட்டினேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்போ வன்குழலுக்குக் கிளிப் தாங்காது, இல்லையாண்ணே?” என்றார். அழுத்தத்தைப் பற்றி நான் அதுவரை வாய் திறக்கவே இல்லை.

கெப்பாலாவுக்கு எழுத்தில் ‘சீராக்கி’ என்பதைவிட ‘அழுத்தத் தணிப்பி’ பொருந்தும். அதில் இருக்கும் சிறு துளைக்கு ‘மூச்சுத்துளை’. அது கீழ்நோக்கியே இருக்க வேண்டும். குளவி மண் கூடு கட்டினால் அடைத்துக்கொள்ளும். சவர்க்காரத் தண்ணீர் தடவிக் கசிவு பார்ப்பதற்கு ‘நுரைச் சோதனை’ என்று யாரோ எழுதியிருந்தீர்கள், அருமை. அதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும்: அடுப்பை அணைத்துவிட்டு, தோங்கை மெல்லத் திறக்கவேண்டும். வன்குழலைத் தோங்கில் மாட்டும் அந்த அமெரிக்க இணைப்பில் வாயு திடீரென்று பாய்ந்தால் தடுக்கும் அடைப்பு ஒன்று உண்டு. வெடுக்கென்று திறந்தால் அது அடைத்துக்கொள்ளும், நாம் தோங் காலி என்று எண்ணிவிடுவோம். இந்த அடைப்புக்கு எனக்கு இன்னும் நல்ல சொல் அகப்படவில்லை. ‘பாய்ச்சல்பூட்டு’ என்றால் சரியாக வருமா?

வரும் சனிக்கிழமை கேரவனுக்குப் புது ஓஸ் மாட்டுகிறேன். அதில் கட்டித் தொங்கவிட ஒரு தகரத் தகடு வெட்டி வைத்திருக்கிறேன். ‘வன்குழல் – வீட்டு ஓஸ் போடக் கூடாது’ என்று பெயின்ட்டில் எழுதலாமா ஐயா? வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் எழுதிக் காயவைத்துவிடுவேன்.