ரேடியேற்றர் மேலை சூடு, கீழை பச்சைத்தண்ணி: பவர் ஃப்ளஷ் கட்டாயமோ?

ஹாரோவாசி:
வணக்கம். லண்டனிலை மூண்டு அறை வீடு. கொம்பி பொயிலர் (ஹீட்டிங்குக்கும் குழாய்ச் சுடுதண்ணிக்கும் ஒண்டேதான்), 9 வருசப் பழசு. ரேடியேற்றர் 9. கீழ் ஹோலிலை இருக்கிற பெரிய ரேடியேற்றரின்ரை மேல்விளிம்பிலை கை வைக்கேலாது, அவ்வளவு சூடு. கீழை நடுப்பகுதி மட்டும் பச்சைத்தண்ணி மாதிரிக் கிடக்குது. காத்து எடுக்கேக்கை கறுப்பாத் தண்ணி வருது. பிரஷரை 1.4 பாரிலை விட்டால் ஒரு கிழமைக்குள்ளை 0.6க்கு இறங்கியிடும், திரும்பவும் நிரப்பிறன். வந்து பாத்த பிளம்பர் பவர் ஃப்ளஷ் (மெஷினாலை வேகமாத் தண்ணி ஓடவிட்டு முழுச் சுற்றையும் கழுவிறது) செய்யவேணும் எண்டு சொல்லிப்போட்டுப் போட்டார். அது தேவையோ, இல்லாட்டி கழட்டி நானே கழுவலாமோ?

குழாய்ச்சாவி:
மேலே சூடு, கீழே நடுவில் குளிர்ச்சி என்றால் கசடுதான். மேல்பக்கம் மட்டும் ஆறியிருந்தால் காற்று. முழு ரேடியேட்டரும் ஆறிக் கிடந்தால் முதலில் டிஆர்வி (அறைச் சூட்டுக்கேற்பத் தானாகத் திறந்து மூடும் ரேடியேட்டர் வால்வு) தலையைக் கழற்றி, உள்ளே இருக்கும் ஊசியை அழுத்திப் பாருங்கள். விட்டதும் துள்ளி மேலே வரவேண்டும்; வராவிட்டால் சிக்கியிருக்கிறது.

ஆனால் உங்கள் கேள்வியில் என்னை உறுத்துவது கறுப்புத் தண்ணீர் அல்ல, வாராவாரம் நிரப்புவதுதான். ஒவ்வொரு முறையும் புதுத் தண்ணீரோடு ஆக்சிஜன் உள்ளே போகிறது, ரேடியேட்டரின் எஃகு அரிக்கிறது. அந்த அரிப்புத்தான் கறுப்புத் தூளாக, அதாவது மேக்னடைட்டாக, அடியில் படிகிறது. போட்டிருந்த இன்ஹிபிட்டரும் (அரிப்பைத் தடுக்கும் திரவம்) நீர்த்துப்போயிருக்கும். ஒழுக்கை அடைக்காமல் பவர் ஃப்ளஷ் செய்தால் கசடு திரும்பவும் சேரும். கட்டிய பணம் வீண்.

நாலு விஷயம் சொல்லுங்கள்: குழாய் 15 மி.மீ.யா, அதைவிட மெல்லியதா? இரும்புத் தூளைப் பிடிக்கும் மேக்னட் ஃபில்டர் உண்டா? மாடி ரேடியேட்டரில் அடிக்கடி காற்று சேர்கிறதா? ஷவரில் வெந்நீர் சீராக வருகிறதா?

ஹாரோவாசி:
15 மி.மீ. செம்புக் குழாய். ஃபில்ற்றர் இல்லை. மேல்மாடியிலை ஒண்டுக்கு இரண்டு கிழமைக்கு ஒருக்கா காத்து எடுக்கவேணும். ஷவர் சுடும், பிறகு ஆறும், திரும்பச் சுடும்.

குழாய்ச்சாவி:
அடிக்கடி சேர்வது முழுக்கக் காற்றாக இருக்காது. இரும்பு அரிக்கும்போது ஹைட்ரஜனும் உண்டாகும், அது உயரத்தில் போய் நிற்கும். எரியக்கூடிய வாயு, திறக்கும்போது பக்கத்தில் மெழுகுவர்த்தியோ சிகரெட்டோ வேண்டாம். ஷவர் அப்படி ஏறி இறங்குவதற்கு, பாய்லருக்குள் குழாய்நீரைச் சூடாக்கும் பிளேட் எக்ஸ்சேஞ்சரில் கசடு ஏறியிருக்க வாய்ப்பு அதிகம்.

இன்றைக்கே செய்ய ஒரு சோதனை. பாய்லரிலிருந்து வெளிச்சுவர் வழியாக 15 மி.மீ. செம்புக் குழாய் ஒன்று வந்து, சுவரைப் பார்த்து வளைந்து நிற்கும். 3 பாரில் திறக்கும் பாதுகாப்பு வால்வின் வெளியேற்றம் அது. அதன் வாயில் பிளாஸ்டிக் பையைத் தளர்வாகக் கட்டி, ஒருநாள் ஹீட்டிங்கை ஓடவிட்டுப் பாருங்கள். பையில் தண்ணீர் சேர்ந்தால் ஒழுக்கு தரைக்கடியில் இல்லை. பை காய்ந்திருந்தால் ஒவ்வொரு ரேடியேட்டர் வால்வின் தண்டடியிலும் டிஷ்யூத் தாளை ஒற்றிப் பாருங்கள்.

பழையபம்ப்:
ஒரு ரேடியேற்றர்தான் மோசமெண்டால் கழட்டிக் கழுவிறதிலை பிழையில்லை. ஒழுங்கு முக்கியம்.

பொயிலரை நிப்பாட்டி, தண்ணி நல்லா ஆறட்டும். டிஆர்வியை 0இலை விட்டுட்டுக் கழட்டவேண்டாம். அறை குளிர்ந்தால் அது தானாத் திறந்து நிலமெல்லாம் கறுப்பாப் போகும். தலையைக் கழட்டிப்போட்டு, கையாலை திருகிற மூடியைப் போட்டு இறுக்குங்கோ. மற்றப் பக்கத்து லொக்ஷீல்ட் வால்வைப் (தண்ணி ஓடுற அளவைக் கட்டுப்படுத்திறது) பூட்டேக்கை எத்தனை சுத்து எண்டு எண்ணி எழுதி வையுங்கோ. திருப்பிப் பூட்டேக்கை அதே எண்ணிக்கைக்குத் திறக்காட்டி மற்ற ரேடியேற்றர்களின்ரை சூடும் குழம்பும்.

இரண்டு ஸ்பானர் வேணும். ஒண்டாலை வால்வு உடம்பைப் பிடிச்சுக்கொண்டு மற்றதாலை நட்டைத் தளர்த்துங்கோ. பிடிக்காமல் திருகினால் செம்புக் குழாய் முறுகும். அகலமான தட்டை வைச்சு நட்டைக் கொஞ்சம் தளர்த்தின பிறகுதான் மேலை காத்து வால்வைத் திறக்கிறது. 600க்கு 1000 மி.மீ. இரட்டைப் பனல் எண்டால் உள்ளுக்கை 5, 6 லீற்றர் தண்ணி, எடை 30 கிலோவுக்கு மேலை. இரண்டு பேர் தூக்குங்கோ, தூக்கமுன்னம் இரண்டு வாயையும் துணியாலை அடையுங்கோ. கார்ப்பெட்டிலை விழுந்த அந்தக் கறுப்புப் போகாது.

வெளியிலை கொண்டுபோய் ஹோஸ் பைப்பை ஒரு வாயிலை செருகி, ரப்பர் சுத்தியலாலை அடிப்பக்கத்தைத் தட்டித்தட்டி, தெளிஞ்ச தண்ணி வரும்வரைக்கும் கழுவுங்கோ. அந்தத் தண்ணி மழைநீர்க் கானுக்குள்ளை போகக்கூடாது. கழிவுநீர்க் குழிக்குள்ளைதான் போகவேணும்.

குழாய்ச்சாவி:
பழையபம்ப் சொன்னதோடு ஒன்று. கழுவிய ரேடியேட்டரைத் திரும்ப மாட்டியதும், வால்வுகளைத் திறக்கும் முன் மேல் மூலை பிளக்கைக் கழற்றி, புனல் வைத்து, கசடைக் கிளப்பும் கிளீனரை ஊற்றிவிடுங்கள். பிறகு நிரப்பினால் அதுவே சுற்றில் கலந்துவிடும். 9 ரேடியேட்டர் வீட்டுக்கு 100 லிட்டருக்குள் கணக்கு வைக்கலாம். சென்டினல் எக்ஸ்400 கிளீனர் அதற்கு 1 லிட்டர். எல்லா டிஆர்வியும் முழுக்கத் திறந்திருக்க, லேபிளில் சொன்ன நாள்வரை ஓடவிட்டு, முழுவதும் வடித்து அலசுங்கள். கிளீனர் உள்ளே தங்கினால் பின்னால் போடும் இன்ஹிபிட்டர் வேலை செய்யாது. மீட்டர் இருந்தால், வடியும் தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்திருக்கும் பொருட்களின் அளவு) குழாய்நீர் அளவுக்கு 10 சதவீதத்துக்குள் வந்ததும் நிறுத்தலாம். கடைசியாக இன்ஹிபிட்டர், எக்ஸ்100ம் 100 லிட்டருக்கு 1 லிட்டர்தான். ஆசிட் கிளீனர் பக்கம் போகாதீர்கள். பல பாய்லர்களில் எக்ஸ்சேஞ்சர் அலுமினியம்.

மேக்னட் ஃபில்டர், பாய்லருக்குத் திரும்பும் குழாயில், கடைசி ரேடியேட்டருக்கு அப்புறம், பாய்லருக்குப் பக்கத்தில். போகும் குழாயில் மாட்டினால் குப்பை பாய்லரைக் கடந்த பிறகுதான் பிடிபடும். பிரிட்டனின் ஹீட்டிங் தண்ணீர்த் தரநிலையான பிஎஸ் 7593, 2019 பதிப்பில் இந்த ஃபில்டரையும், வருஷா வருஷம் தண்ணீர்ச் சோதனையையும் கேட்கிறது.

இரண்டு மூன்று ரேடியேட்டர் இப்படி இருந்தால் பவர் ஃப்ளஷ் சரியே. ஆனால் ஒவ்வொரு ரேடியேட்டரையும் தனித்தனியாகத் திறந்து, அதிர்வுத் தலை வைத்துத் தட்டிச் செய்கிறார்களா என்று முன்னமே கேளுங்கள். மெஷினை மாட்டிவிட்டு டீ குடிக்கும் ஃப்ளஷுக்குப் பணம் தராதீர்கள்.

ஹாரோவாசி:
பையிலை அரைக் கப் தண்ணி! ஹீட்டிங் ஓடேக்கை பிரஷர் 2.8 வரைக்கும் ஏறுது.

குழாய்ச்சாவி:
கோளாறு எக்ஸ்பேன்ஷன் வெஸலில், அதாவது விரியும் தண்ணீருக்கு இடம்கொடுக்கும் காற்றடைத்த கலத்தில். சூட்டில் விரியும் தண்ணீருக்கு இடம் இல்லாமல் வால்வு வழியாகத் துப்புகிறது, ஆறியதும் பிரஷர் விழுகிறது, நீங்கள் நிரப்புகிறீர்கள், இரும்பு அரிக்கிறது.

வெஸலில் கார் டயர் போல ஒரு வால்வு இருக்கும். ஊசியை அழுத்தும்போது தண்ணீர் வந்தால் உள்ளே ரப்பர் கிழிந்துவிட்டது, வெஸலை மாற்றணும். ஒன்றுமே வராவிட்டால் காற்று குறைந்திருக்கிறது, தண்ணீர்ப் பக்கத்தை வடித்து 0 பாருக்குக் கொண்டுவந்த பிறகு, மேனுவல் சொல்லும் அளவுக்கு (பெரும்பாலும் 0.75 முதல் 1 பார்) பம்ப் அடிக்கணும். வடிக்காமல் அடித்தால் அளவு பொய் சொல்லும்.

வெஸல் பாய்லர் உறைக்குள் இருந்தால் உறையைத் திறக்காதீர்கள். அது கேஸ் சேஃப் (பிரிட்டனின் கேஸ் வேலைக்காரர் பதிவேடு) பதிவுள்ளவர் வேலை. பிளேட் எக்ஸ்சேஞ்சரையும் அப்போதே பார்க்கச் சொல்லுங்கள்.

பழையபம்ப்:
அந்த 3 பார் வால்வையும் சேத்து மாத்தச் சொல்லுங்கோ. சேற்றுத் தண்ணியிலை ஒருக்காத் திறந்த வால்வு பிறகு சரியாக் குந்தாது. வெஸல் புதுசா இருந்தாலும் சொட்டிக்கொண்டுதான் இருக்கும்.