முறிகண்டியில் ஒரு அம்மா காட்டித் தந்த கைவைத்தியம்

போன வைகாசியில் நடந்தது. மகளுக்கு 15 வயது. மாங்குளத்தில் இருந்து கிளிநொச்சிக்குப் பஸ்ஸில் போகும்போது அவளுக்கு அடிவயிற்றுக் குத்து தொடங்கிவிட்டது. முன் சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்தபடி வியர்த்துக் கொட்டினாள். சத்தி வரும் போல இருக்கு அம்மா என்றாள்.

முறிகண்டிப் பிள்ளையாரடியில் பஸ் நிற்க, எல்லோரும் கும்பிட இறங்கினார்கள். பக்கத்தில் இருந்த வயதான அம்மா மட்டும் இறங்கவில்லை. "பிள்ளைக்கு மாதச் சுகமில்லையோ?" என்று மெதுவாகக் கேட்டார். நான் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத்தான் ஓம் என்றேன். அவர் மகளின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்தார். மகள் கூச்சத்தில் காலை இழுத்தாள். "அதை விடு பிள்ளை" என்று பிடித்துக்கொண்டார்.

அவர் அமத்திக் காட்டிய இடம் இது: காலின் உள்பக்கம், கணுக்கால் மொளியில் இருந்து மேலே நான்கு விரல், எலும்பின் பின் ஓரம். அளவு பிள்ளையின் விரல்தான். பெருவிரலால் அமத்தி, ஐந்தாறு மூச்சு பிடித்து, விட்டு, திரும்ப அமத்த வேண்டும். ஒரு காலுக்கு ஐந்து நிமிடம், அப்புறம் மற்றக் கால். நகம் படக்கூடாது.

கிளிநொச்சி வரும்போது வலி முழுதாகப் போயிருக்கவில்லை. ஆனால் நிமிர்ந்து இருந்து, முறிகண்டியில் வாங்கிய கச்சானைக் கேட்டாள்.

இப்போது முதல் நாளே அமத்தி, சுடுதண்ணிப் போத்தலும் வைக்கிறோம். சில மாதங்களில் அதுவே போதும். சில மாதங்களில் வைத்தியர் தந்த மெபனமிக் அசிட் என்ற நோக்குளிசையும் வேண்டும், சாப்பாட்டுக்குப் பிறகுதான். கருப்பையில் சுரக்கும் புரொஸ்ராகிளாண்டின் என்ற பொருள் கருப்பையை இறுக்குவதால்தான் இந்த வலி என்றும், பெரியபிள்ளையாகி ஆறு மாதம், ஒரு வருடம் போனபிறகே பலருக்குத் தொடங்கும் என்றும் கிளினிக்கில் விளங்கப்படுத்தினார்கள். எனக்கு அது தெரியாது. முதல் வருடம் சும்மா இருந்தவள், இப்போது பள்ளிக்கூடம் போகாமல் நிற்க நடிக்கிறாள் என்று பேசியிருக்கிறேன். நினைத்தால் இன்றும் நெஞ்சு நோகிறது.

ஒட்டுசுட்டானில் இருந்து ஒருவர் எழுதியது:
அக்கா, என் தங்கச்சியின் மகளுக்கும் இப்படித்தான் அமத்தினோம், ஒத்தணம் கொடுத்தோம். கேட்கவில்லை. மாதம் போகப் போக வலி கூடியது, சுகமில்லாத நாட்கள் முடிந்த பிறகும் நோவு நின்றது. கடைசியில் ஸ்கான் எடுத்தால் சூலகத்தில் கட்டி. காலை அமத்திக்கொண்டே ஏழு மாதத்தைப் போக்கிவிட்டோம். குளிசைக்கும் அடங்காத வலி என்றால் தயவுசெய்து வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

புதுக்குடியிருப்பில் இருந்து இன்னொருவர்:
பிள்ளை வயிற்றில் உள்ளவர்களுக்கு அந்த இடத்தை அமத்தக்கூடாது. என் சின்ன மகள் மாசமாக இருந்த தமக்கைக்குக் கால் பிடித்துவிடப் போக, வீட்டுக்கு வந்த மிட்வைஃப்தான் தடுத்தார்.

முதலில் எழுதிய நான்தான்:
ஒட்டுசுட்டான் தங்கச்சி, நல்லகாலம் சொன்னீர்கள். மகள் தன் வகுப்பில் இரண்டு பிள்ளைகளுக்கு இதைக் காட்டிக் கொடுத்திருக்கிறாள். அதில் ஒருத்தி மாதாமாதம் மூன்று நாள் பள்ளிக்கூடம் வருவதே இல்லையாம். அந்தப் பிள்ளையின் தாயை நாளைக்கு நானே போய்ப் பார்க்கிறேன்.