இளம் வேட்பாளருக்கே ஓட்டா? குடும்பக் குழுவில் நடந்த பேச்சு

அஜின்: எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி, 35 வயதுக்குள்ள ஆளை நிறுத்தினால் என் ஓட்டு அவருக்குத்தான். நம்ம கஷ்டம் நம்ம வயசுக்காரனுக்குத்தானே தெரியும்.

பெரியப்பா: எடே மக்கா, 1969 இடைத்தேர்தலில் நம்ம நாகர்கோவிலில் ஜெயித்த காமராஜர் முதலமைச்சராக இருந்து பள்ளிக்கூடத்தில் மதிய உணவு போட்டபோது வயசு 50 தாண்டிவிட்டது, பிள்ளைகுட்டியும் கிடையாது. பிள்ளை பசியோடு இருப்பது தெரிய வயசா வேணும்?

அஜின்: எல்லாரும் காமராஜர் ஆயிடுவாங்களா பெரியப்பா 😄

ஷைனி அக்கா: 2024இல் 25 வயதிலேயே மக்களவைக்குப் போன புஷ்பேந்திர சரோஜ், பிரியா சரோஜ் ரெண்டு பேருடைய அப்பாவும் அரசியல்வாதிகள்தான். அதே தேர்தலில் ராஜஸ்தானில் ஜெயித்த சஞ்சனா ஜாதவின் கணவர் போலீஸ் கான்ஸ்டபிள். மூன்று பேரும் ஏறக்குறைய ஒரே வயசு, வந்த வழி வேற வேற. இதில் யாரை நம்ம ஆள் என்பாய்?

மாமா: யாராக இருந்தாலும் கொறடா, அதாவது சபையில் எப்படி ஓட்டுப் போடணும் என்று கட்சி எம்.பி.க்களுக்கு உத்தரவு போடுகிற கட்சிக்காரர், சொன்னபடிதான் கை தூக்கணும். 1985இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்ததில் இருந்து, கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவியே போய்விடும். 25 என்ன, 75 என்ன.

அஜின்: அப்போ யாருக்குப் போட்டாலும் ஒன்றுதானா மாமா?

ஷைனி அக்கா: இல்லடா. ஓட்டெடுப்புக்குத்தான் கொறடா, கேள்வி கேட்க யாரும் கட்டிப்போடவில்லை. மக்களவை இணையதளத்தில் எம்.பி. பெயரைப் போட்டால் அவர் கேட்ட கேள்வி, அமைச்சர் சொன்ன பதில் எல்லாம் வரும். அமைச்சர் ஆகிவிட்டால் கேள்வி கேட்க மாட்டார்கள், அதை மட்டும் கழித்துக்கொள். மீதிப் பேரைப் பார், இளம் ஆட்கள் வேலை, பரீட்சை, கல்விக் கடன் பற்றிக் கேட்டார்களா, இல்லை தலைவரைப் புகழ்ந்தே நேரத்தை ஓட்டினார்களா என்று தெரிந்துவிடும்.

மேரி அத்தை: என் மகள் நர்சிங் முடித்துவிட்டு குவைத் போக, ஏஜெண்டுக்குக் கொடுக்க என் கழுத்தில் கிடந்ததை அடகு வைத்தேன், இன்னும் மீட்கவில்லை, வட்டிதான் கட்டிக்கொண்டிருக்கிறேன். இதை அங்கே யாராவது கேட்டார்களா, அதைப் பார்த்துச் சொல்லு மோளே. கேட்டவனுக்கு 80 வயசானாலும் என் ஓட்டு உண்டு.

அஜின்: அத்தை, நானே தேடிப் பார்க்கிறேன்.

பெரியப்பா: பார்த்துவிட்டுத் தமிழில் எழுதிப் போடு. நீ அனுப்புகிற லிங்க் ஒன்றும் என் போனில் திறக்காது.