ஆர்ம்ஸ்ட்ராங்குக்கு இரண்டு பிறந்தநாள்கள்

நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் குடியேறிய ஆண்டில்தான் ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் லூயிஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கை ஆழ்ந்து கேட்கத் தொடங்கினேன். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டபிள்யூ.கே.சி.ஆர். வானொலி ஜூலை 4 அன்று நாள் முழுவதும் அவருடைய இசைத்தட்டுகளையே ஒலிபரப்பியது. சரியாக ஒரு மாதம் கழித்து, ஆகஸ்ட் 4 அன்றும் அவ்வாறே செய்தபோது ஏதோ குழப்பம் நேர்ந்துவிட்டது என்று எண்ணினேன். விசாரித்த பிறகே காரணம் புரிந்தது. தாம் 1900 ஜூலை 4 அன்று பிறந்ததாகவே அவர் வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்தார். அந்தக் கணக்கின்படி 71 வயது நிறைந்த இரண்டாம் நாள், 1971 ஜூலை 6 அன்று, காலமானார். பல ஆண்டுகளுக்குப் பின்னரே, நியூ ஆர்லியன்ஸ் தேவாலயம் ஒன்றின் ஞானஸ்நானப் பதிவேட்டிலிருந்து 1901 ஆகஸ்ட் 4 என்ற தேதி தெரியவந்தது. வானொலியினர் இரண்டு நாள்களையும் கொண்டாடுவது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது; அவர் மனமார நம்பிய நாளையும் நாம் கைவிடக் கூடாது.

மறு ஆண்டு ஆகஸ்ட் 4 அன்று, குயின்ஸின் கொரோனா பகுதியில் 107ஆம் தெருவில் உள்ள அவருடைய வீட்டுக்குச் சென்றேன். அவர் மனைவி லூசில் 1943இல் வாங்கிய செங்கல் வீடு அது. உலகமெங்கும் வாசித்துப் புகழ்பெற்ற கலைஞர், சாதாரண உழைப்பாளிகள் வாழ்ந்த அந்தத் தெருவிலேயே கடைசிவரை குடியிருந்தார். சமையலறை அலமாரிகள் அனைத்தும் பளபளக்கும் நீலநிறத்தில் இருந்தன. மாடியறையில், ரீல் டேப் ரெக்கார்டர்களுக்கு அருகே நின்றபோது, அவரே வீட்டில் பதிவு செய்து வைத்திருந்த பேச்சை வழிகாட்டி ஒலிக்கவிட்டார். அந்தக் கரகரத்த குரல், அடுத்த அறையிலிருந்து வருவதைப் போலவே கேட்டது. திரும்பும் வழியில், 1928இல் பதிவான ‘வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்’ இசைத்தட்டின் தொடக்கத்தில், பக்கவாத்தியம் ஏதுமின்றி அவர் தனியே ட்ரம்பெட் ஊதும் அந்தச் சில நொடிகளை மட்டும் பலமுறை கேட்டேன்.

அதற்கு மற்றொருவர் எழுதியது:

அண்ணா, தாங்கள் எழுதியதைப் படித்ததும் என் அனுபவம் நினைவுக்கு வந்தது. ஆர்ம்ஸ்ட்ராங் அடக்கம் செய்யப்பட்ட, குயின்ஸில் உள்ள ஃப்ளஷிங் கல்லறைத் தோட்டத்துக்கு, டிசி கில்லெஸ்பியின் பிறந்தநாளான அக்டோபர் 21 அன்று சென்றேன். ஜாஸின் ஒரு வகையான பீபாப் இசையை உருவாக்கியவர்களில் ஒருவரான கில்லெஸ்பியும் கொரோனாவில் வாழ்ந்தவர். 1993இல் மறைந்த அவரும் அதே தோட்டத்தில்தான் துயில்கிறார். ஆர்ம்ஸ்ட்ராங்கின் கல்லறையை அதன்மேல் இருந்த ட்ரம்பெட் உருவம் காட்டிக்கொடுத்தது. கில்லெஸ்பியின் கல்லறையிலோ பெயர் பொறித்த கல்லே இல்லை. அங்கிருந்த ஊழியர் ஒருவர் என்னை அழைத்துச் சென்று, வெறும் புல்தரையைக் கைகாட்டினார். கொண்டுசென்ற பூக்களில் பாதியை ஏற்கெனவே ஆர்ம்ஸ்ட்ராங்கின் கல்லறையில் வைத்துவிட்டிருந்தேன்; மீதியை, ஊழியர் காட்டிய இடத்தில், புல்லின்மேல் வைத்துவிட்டு வெகுநேரம் அங்கேயே நின்றேன்.